கோயமுத்தூர் சங்கனூர் பள்ளத்தில் (ஓடையில்) தண்ணீர் வருது (குடும்பக் குழு)

பெரியப்பா, சின்னத்தடாகம்: மலையில் மதியத்திலிருந்து நல்ல மழை. பள்ளத்தில் செந்தண்ணீர் ஓடுகிறது. கவிதா, வண்டி கரையோரம் நின்றால் எடுத்துவிடு கண்ணு.

கவிதா, ரத்தினபுரி: இங்கே தூறல்கூட இல்லையே பெரியப்பா!

பெரியப்பா: அதனால்தான் சொல்கிறேன். குருடிமலைச் சரிவிலும் தடாகம் மலைகளிலும் பெய்வதெல்லாம் சின்னச் சின்ன ஓடையாக இறங்கி, கணுவாய்ப் பக்கம் ஒன்றாகி, அப்புறம்தான் உங்களிடம் வரும். ஐப்பசி மழை, நம்ப முடியாது.

கவிதா: சாக்கடையில் எப்படி வெள்ளம் வரும் என்று இவர் கேட்கிறார் 😀

செல்வி அத்தை, சிங்காநல்லூர்: ஊரே சாக்கடையை அதில் திருப்பிவிட்டால் பள்ளம் என்ன பண்ணும் என்று மாப்பிள்ளையிடம் கேள்.

பிரபு, திருப்பூர்: மாமா, கணுவாய்த் தடுப்பணை நிறைந்துவிட்டதா?

பெரியப்பா: இருட்டில் போய்ப் பார்க்க முடியாது பிரபு, தோட்டத்துப் பக்கம் யானை நிற்கிறதாம். அணை நிறைந்தால் ராஜவாய்க்கால் வழியாகச் சின்னவேடம்பட்டி ஏரிக்குப் போக வேண்டும். சுமார் 200 ஏக்கர் ஏரி அது! வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் எல்லாம் கவிதா வீட்டுப் பக்கம்தான்.

பெரியப்பா: இன்னொன்று. தடாகத்துச் செங்கல் சூளைகளை 2021இல் மூடியாயிற்று, மண் எடுத்த குழிகள் அப்படியே இருக்கின்றன. ஓடையே அறுந்து குழிக்குள் விழுகிற இடமும் உண்டு. குழி நிறைந்த பிறகுதான் மீதி பள்ளத்துக்கு. அதையும் தாண்டி இவ்வளவு ஓடுகிறது என்றால் மேலே எவ்வளவு பெய்திருக்கும், பார்த்துக்கொள்.

கவிதா: வந்துவிட்டது!! பாலத்துக்குக் கீழே முதலில் தெர்மாகோல், பாட்டில், ஒரு மெத்தை. அதற்குப் பின்னால்தான் தண்ணீர் 🤦‍♀️

செல்வி அத்தை: அந்த மெத்தை சத்தி ரோடு, அவிநாசி ரோடு, திருச்சி ரோடு எல்லாம் தாண்டி எங்கள் ஊருக்குத்தான் வரும். நொய்யல் ஆற்றில் விழுவதற்கு முன்னால் கோயமுத்தூர்க் குப்பை மொத்தத்தையும் நாங்கள்தான் பார்க்கிறோம்.

பிரபு: நீங்கள் பார்த்து முடித்ததும் எங்களுக்கு அனுப்புகிறீர்களே அம்மா. வெள்ளியங்கிரியில் கிளம்புகிற நொய்யலும் இதைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் வழியாகத்தான் கரூர் மாவட்டத்துக்குப் போய்க் காவிரியில் சேர வேண்டும்.

செல்வி அத்தை: அடேய், பேசாதே. 1992இல் திருப்பூருக்குக் கீழே நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். அதில் தேங்கியது யாருடைய சாயத்தண்ணீர்? விவசாயத்துக்கு என்று கட்டிய அணையை விவசாயியே வேண்டாம் என்றானே.

பிரபு: 🙏 அதற்குப் பதில் இல்லை.

பெரியப்பா: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கவிதா, வண்டி?

கவிதா: எடுத்தாச்சு பெரியப்பா. எதிர் வீட்டுக்காரர் கார் இன்னும் கரையிலேயே நிற்கிறது. இவர் போய்க் கதவைத் தட்டுகிறார்.

பெரியப்பா: சரி, அந்த வீதி முழுக்கச் சொல்லச் சொல். இங்கே மறுபடியும் இடி இடிக்கிறது.