புதுப்பிப்பு: கிளட்ச் மாற்றியாச்சு

ஐந்தாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கிளட்ச் நழுவுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். டர்போ பெட்ரோல், மேனுவல், 78,000 கி.மீ. ஓடிய வண்டி.

தஞ்சாவூரில் கியர்பாக்ஸை இறக்கினோம். கிளட்ச் பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. அது அழுந்திப் பிடிக்கும் கனத்த எஞ்சின் சக்கரமான பிளைவீலில் சூட்டால் வந்த நீலத் தழும்புகள். "தம்பி, இது டூயல் மாஸ், நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம். கடைசலுக்குக் கொடுத்தாலும் சரிவராது" என்றார் மெக்கானிக் அண்ணன். செலவு வலித்தது, ஆனாலும் பிளைவீலும் புதிதே போட்டேன். கிளட்ச் பிளேட்டை அழுத்தும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். கிராங்க் ஆயில் சீலில் கசிவு இல்லை, கிளட்சில் எண்ணெய் படாது, நிம்மதி.

போன பதிவில், பிடிப்பு அதிகமுள்ள ரேஸ் கிளட்ச் போடச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் திருவையாறு சாலையில் ஐந்து ஆற்றுப் பாலம். அறுவடை நேரத்தில் வைக்கோல் டிராக்டர் பின்னால்தான் பாதி பயணம். அங்கே ரேஸ் கிளட்சின் இறுக்கமான பெடல் காலை ஒடித்துவிடும். எஞ்சின் பவரைக் கூட்டாத வண்டிக்குக் கம்பெனி செட்டே தாங்கும்.

அப்புறம், டிராக்டர் பின்னால் பாதி கிளட்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி, ஊர்வதை அடியோடு விட்டுவிட்டேன். இப்போது 300 கி.மீ. ஆகிறது, பிடிப்பு அருமை. புது கிளட்ச் படிய வேண்டும், அதனால் 800 கி.மீ. வரை டர்போவின் முழு பூஸ்ட் (காற்றழுத்தம்) தொடமாட்டேன்.