காதல் படத்தின் பின்னணி இசையும் பாட்டுகளும்: அல்பமாக வெளியிடும்போது எதை எங்கிருந்து எடுப்பது?

பாலையடி

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் எடுத்து முடிந்த காதல் படம் ஒன்றின் இசையை அல்பமாக வெளியிட வேண்டும். படம் 96 நிமிடம். பின்னணி இசை 27 துண்டுகள், மொத்தம் 38 நிமிடம். அதில் 14 துண்டுகள் அரை நிமிடத்துக்கும் குறைவு. புதிதாக எழுதி மெட்டமைத்த பாட்டுகள் 5: சோடிப் பாட்டு இரண்டு, ஆண் குரலில் ஒன்று, பெண் குரலில் ஒன்று, கடைசியில் வரும் அருவிவெட்டுப் பாட்டின் (நெல் அறுவடைப் பாட்டு) மெட்டைத் தழுவியது ஒன்று. புல்லாங்குழலும் வயலினும் ஆள் வைத்து வாசித்தவை, மற்றத் தந்திக் கூட்டம் முழுக்க மென்பொருள். எல்லா ஒலிக்கோப்பும் 48 கிலோஹேட்ஸ் மாதிரி வீதம், 24 பிட்.

தைப்பொங்கலுக்குப் பிறகு திரையிடும் எண்ணம். கேள்விகள் இவை. படத்தின் இறுதி மிக்ஸிலிருந்தே (வசனம், இசை, சத்தம் எல்லாம் சேர்த்த ஒலித்தடம்) இசையை வெட்டி எடுத்தால் காணுமா? பாட்டும் பின்னணி இசையும் ஒரே அல்பமா, இரண்டா? பெண் குரல் பாட்டு இன்னும் பதியவில்லை, அறைக்குத் தகரக் கூரை, மாரியும் தொடங்கிவிட்டது. பாடினவர்களோடும் எழுதினவரோடும் என்ன கடதாசி எழுதி வைக்க வேண்டும்?

வீரைமரம்

தம்பி, படத்தின் மிக்ஸிலிருந்து வெட்டி எடுக்கவே வேண்டாம். வசனம் வரும் இடமெல்லாம் இசையை 6 முதல் 10 டெசிபல் வரை இறக்கி வைத்திருப்பினம். வசனத்தை எடுத்துவிட்டு இசைத் தடத்தை மட்டும் தந்தாலும் அந்த இறக்கம் அப்படியே இருக்கும். கேட்கிறவனுக்கு ஆரும் கதைக்காத இடத்தில் குழல் ஏன் பதுங்குது எண்டு விளங்காது. அதோடை காட்சி மாறுற இடத்தில் முத்தாய்ப்பு வராமலே இசை அறுந்து போகும். இசை செய்த கோப்பைத் திறந்து குழல், வயலின், தந்திக் கூட்டம், தாளம், கீழ்ச்சுரம் எண்டு ஐந்தாறு கூட்டாகப் பிரித்து, வசன இறக்கம் இல்லாமல் புதிதாக வெளியே எடுங்கோ. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ரிவேர்ப் (எதிரொலி வால்) முழுதும் அடங்கும் வரை, குறைந்தது 5 விநாடி, மிச்சம் விடுங்கோ. முக்கால்வாசிப் பேர் பிழை விடுறது இதிலைதான்: வால் வெட்டுப்பட்டால் பிறகு ஒட்ட வழியில்லை.

14 சின்னத் துண்டுகளைத் தனித்தனி தடமாகப் போடாதேங்கோ. ஸ்பொட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு எண்டு கணக்கு, 22 விநாடித் துண்டு எத்தனை தரம் ஓடினாலும் அந்தக் கணக்குக்குள் வராது. பணத்தை விடுங்கோ, 22 விநாடியில் ஆரும் ஒரு மனநிலைக்குள் போக ஏலாது. ஒரே கருமெட்டில் வரும் துண்டுகளைக் கோத்து ஒரு தடமாக்குங்கோ.

கோக்கிற விதத்தை ஒரு உதாரணத்தோடை சொல்லுறன். முதல் சந்திப்பு 22 விநாடி, பஸ்தரிப்பிடக் காட்சி 41, கடிதம் வாசிக்கிற இடம் 35 எண்டு வையுங்கோ. மூன்றும் ஒரே சுதி, வேகம் நிமிடத்துக்கு 72 அடி. நாலடி ஒரு சுற்று 3.33 விநாடி. முதல் துண்டின் கடைசிச் சுரம் ஓயும் இடத்திலிருந்து சரியாக இரண்டு சுற்று கழித்து அடுத்த துண்டின் முதலடி விழ வேணும், அந்த இரண்டு சுற்றுக்கும் முதல் துண்டின் வால் கீழே படரட்டும். கணக்கில்லாமல் காதுக்குப் பட்ட இடத்தில் ஒட்டினால் தாளம் தடுக்கும், கேட்கிறவன் ஒட்டைப் பிடித்துவிடுவான். ஒன்று 72, மற்றது 76 எண்டால் மென்பொருளால் இழுத்துச் சமப்படுத்தலாம். தந்திப் படுக்கை அந்த ஐந்தரை வீத இழுவையைத் தாங்கும், குழல் தாங்காது, மூச்சுச் சத்தம் தகரத்தில் மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும். குழல் இருக்கிற துண்டை அதன் வேகத்திலேயே விட்டு மற்றதை அதுக்கு இழுங்கோ. சுதி வேறாக இருந்தால் ஒட்ட முயற்சிக்க வேண்டாம். ஒன்றரை விநாடி அமைதி விட்டு அடுத்ததைத் தொடங்குங்கோ, காது ஏற்றுக்கொள்ளும்.

48 கிலோஹேட்ஸை அப்படியே விநியோகத்துக்குக் கொடுக்கலாம், பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற இடங்களுக்கு அனுப்புற விநியோகத் தளங்கள் பெரும்பாலும் ஏற்கும். 44.1 கேட்டால் எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தரம் மாற்றுங்கோ. மாற்றும்போது உண்மையாகவே மறுமாதிரி எடுக்க வேணும். கோப்பின் தகவலில் எழுதியிருக்கிற எண்ணை மட்டும் 44.1 ஆக்கினால் பாட்டு மெதுவாகி, சுதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். குரல் கொஞ்சம் தடிச்சிருக்கு, அதுவும் வடிவுதான் எண்டு நினைத்து அப்படியே வெளியே விடுகிறவை இருக்கினம். கீபோட்டில் சுதி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புங்கோ.

சத்த அளவு. பாட்டுகளை மைனஸ் 14 முதல் 12 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அளவு) வரை கொண்டுபோகலாம், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது. பின்னணி இசையை அந்தளவுக்கு ஏற்ற வேண்டாம், மைனஸ் 18, 20 இல் விடுங்கோ. காதல் இசையின் உயிரே வில் நரம்பைத் தொடுகிற அந்த மெல்லிய தொடக்கம்தான், லிமிற்றரை (உச்சச் சத்தத்தை அமுக்கும் கருவி) அழுத்தினால் முதலில் சாகிறது அது. ஸ்பொட்டிஃபையில் அல்பமாகத் தொடர்ந்து கேட்கும்போது மொத்த அல்பத்துக்கும் ஒரே அளவாகத்தான் ஏற்றி இறக்கும், தடங்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும். பயப்படத் தேவையில்லை.

உலுவிந்தம்பூ

குரல் பதிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தகரக் கூரையில் விழுகிற மழைச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. அது எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கும், எடுக்கப் போனால் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் சேர்ந்து போகும். மழை விட்ட நாளில் பதிய வேண்டியதுதான்.

நேரமும் முக்கியம். மாரியில் இரவு முழுக்கத் தவளையும் சில்வண்டும். சில்வண்டின் சத்தம் விழுவது 4 முதல் 8 கிலோஹேட்ஸ் பக்கம், மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் இடமும் அதுவே. விடிய மயில் அகவும். வெயில் ஏறும்போது தகரம் சூடேறி விரிந்து ஆணிப் பக்கமாக ‘டிக், டிக்’ என்று அடிக்கும். மைக்கில் அது தாளத்துக்குப் புறம்பாக யாரோ விரல் சுண்டுவதுபோல் விழும். அதனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, மைமல் படுவதற்குள், தகரம் ஆறி அடங்கிய நேரம்தான் தோதானது. முகடு தெரியும் அறையென்றால் தலைக்கு மேல் இரண்டு மெத்தைகளைக் கயிறு போட்டுக் கட்டுங்கோ, பாடுபவரின் முதுகுப் பக்கம் தடித்த போர்வை. வெறும் பனம்பாய் பெரிய உதவி செய்யாது. மேற்சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அறையின் அடிமுழக்கம் அப்படியே நிற்கும்.

விசிறியை நிற்பாட்டுங்கோ. மடிகணினியைச் சார்ஜரில் இருந்து கழற்றி பற்றரியில் ஓட விடுங்கோ. நில இணைப்பு ஒழுங்காக இல்லாத வீட்டில் 50 ஹேட்ஸ் இரைச்சலும் அதன் மடங்குகளான 100, 150 உம் உள்ளே வரும். பிறகு வெட்டலாம் என்று நினைத்தால், ஆண் குரலின் அடித்தொனியும் 100 பக்கம்தான் இருக்கும், குரலின் வயிற்றையே வெட்டுவது போலாகும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், நடுவில் பொப் வடிகட்டி. மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்துக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரித்தால் ‘ப’, ‘ப்ப’ காற்று நேரே அடிக்காது. மெல்லிய பாட்டு என்பதால் பாடுபவர் தன்னை அறியாமல் கிட்டக் கிட்ட வருவார், கிட்ட வரும்போது அடிச்சத்தம் கூடிக் குரலின் நிறமே மாறிவிடும். பல்லவி ஒரு குரல், சரணம் வேறொரு குரல் போலக் கேட்கும். நிற்கும் இடத்தில் காலடிக்கு ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கோ.

இன்னொன்று, ழகரத்தை மிக்ஸ் பண்ணும் நாளில் திருத்த முடியாது. ‘மழை’யும் ‘விழி’யும் இல்லாத காதல் பாட்டு இல்லை. எழுதினவரைப் பதிவு நேரம் பக்கத்தில் இருத்துங்கோ.

குளக்கட்டு

கடதாசி விடயம். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டு உருவான அந்த நேரமே உரிமையும் உண்டாகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். ஆனால் அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பம் இட வேண்டும். “படத்துக்குத்தானே எழுதினது, அண்ணை பார்த்துச் செய்யுங்கோ” என்ற வாய்ப்பேச்சு போதாது.

இரண்டு உரிமைகளைக் குழப்பாதீர்கள். வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒரு சொத்து, பதிந்த ஒலி இன்னொரு சொத்து. பாட்டு என்பது வரி எழுதினவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியது, ஒலிப்பதிவு பொதுவாகச் செலவழித்தவருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கத் தாள் போதும்: தலைப்பு, வரி யார், மெட்டு யார், இசைக்கோப்பு யார், யாருக்கு எத்தனை வீதம், பாடினவருக்கு ஒரே தரம் கொடுத்த தொகையா பங்கா, படத்துக்கு மட்டுமா அல்பத்துக்கும் சேர்த்தா, திகதி, கையொப்பம். குழலும் வயலினும் வாசித்தவர்களிடமும் அல்பத்துக்கான சம்மதத்தை எழுதி வாங்குங்கள். அடிக்கடி விடுபடுவது அவர்கள்தான். ‘படத்துக்கு’ என்று மட்டும் எழுதிய தாள் அல்பத்துக்குச் செல்லும் என்று நினைக்க வேண்டாம்.

அருவிவெட்டு மெட்டில் கவனம் வேண்டும். அது வயலில் நெற்கதிரை அடுக்கிச் சூடு வைத்தவர்களின் மெட்டு. மெட்டமைத்தவர் இடத்தில் ‘மரபு’ என்று போட்டு, இசைக்கோப்புக்கு மட்டும் உங்கள் பெயரைப் போடுங்கள். அந்தத் தடத்தை யூடியூப் உள்ளடக்க அடையாளத்தில் (Content ID: காணொளிகளில் உங்கள் இசை இருக்கிறதா என்று தானாகத் தேடி உரிமை கோரும் முறை) சேர்க்காமல் விடுங்கள். சேர்த்தால் அதே மெட்டைப் பாடும் பாடசாலைப் பிள்ளைகளின் காணொளிக்கும் உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போகக்கூடும். அது நியாயமில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓட விடும் இசைத் துண்டு) ஏதும் பாவித்த தடத்தையும் சேர்க்க முடியாது, அதே லூப் உலகமெங்கும் பலரிடம் இருக்கும்.

மற்றத் தடங்களைச் சேர்ப்பதானால், படத்தின் முன்னோட்டம் போடும் யூடியூப் சனலை விலக்குப் பட்டியலில் இடும்படி விநியோகத் தளத்துக்கு முற்கூட்டியே எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் முன்னோட்டத்தின் மீதே உங்கள் அல்பம் உரிமை கோரும், வெளியீட்டு நாளில் அதைத் தீர்க்க ஓடித் திரிய வேண்டும்.

பாலையடி

மிக்க நன்றி அண்ணை, அக்கா. ஒரே அல்பமா இரண்டா என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. திகதிகளையும் எப்படி வைப்பது?

குளக்கட்டு

இரண்டு. பாட்டு கேட்க வருபவர் வேறு, பின்னணி இசையைப் படித்துக்கொண்டோ வேலை செய்துகொண்டோ ஓட விடுபவர் வேறு. 5 பாட்டும் அவற்றில் இரண்டின் குரலற்ற வடிவமும் சேர்த்து 7 தடத்தில் முதல் அல்பம். பின்னணி இசை, வீரைமரம் சொன்னபடி கோத்தால் 10 அல்லது 11 தடத்தில் இரண்டாவது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதை அடையாளம் காட்டும் தனி யூபிசி எண். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனி ஐஎஸ்ஆர்சி (பதிவின் அடையாள எண்), 12 எழுத்தும் இலக்கமும் கொண்டது. முதலில் தனிப்பாட்டாக வந்த அதே பதிவை அல்பத்தில் போடும்போது அதே ஐஎஸ்ஆர்சியைத்தான் கொடுக்க வேண்டும், புதிது கொடுத்தால் அதுவரை சேர்ந்த கேட்புகள் இரண்டாகப் பிரியும். குரலற்ற வடிவத்துக்குப் புதிய எண்.

சோடிப் பாட்டில் ஒன்றைத் திரையிட நாலு கிழமைக்கு முன் விடுங்கள். பாட்டு அல்பம் ஒரு கிழமைக்கு முன். பின்னணி இசை, படம் ஓடத் தொடங்கி ஒரு கிழமைக்குப் பின். தடங்களின் பெயரே கதையைச் சொல்லிவிடும் என்பதால்தான் இந்த ஒழுங்கு. ‘பிரிவு’, ‘அவள் திரும்பவில்லை’ என்று முன்கூட்டியே போட்டால் படம் பார்க்க வருபவருக்கு என்ன மிச்சம்? கோப்புகளை ஒவ்வொரு திகதிக்கும் நாலு கிழமைக்கு முன் ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் இடைவெளி தேவை, வெளிவந்த பாட்டைப் பரிந்துரைக்க முடியாது.

அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரம். படத்தின் சுவரொட்டியைச் சுருக்கிப் போட்டால் திரையிடும் திகதி, தொலைபேசி இலக்கம் எல்லாம் உள்ளே கிடக்கும், திருப்பி அனுப்புவார்கள். பாடினவரின் பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தரம் தீர்மானித்து எல்லா இடத்திலும் அதையே பாவியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அவருக்கு இரண்டு கலைஞர் பக்கங்கள் உண்டாகும். பின்னணி இசைக்கு முதன்மைக் கலைஞர் இசையமைப்பாளர். நடித்தவரின் பெயரை எந்தத் தடத்திலும் போடாதீர்கள்.

வீரைமரம்

ஒன்று விடுபட்டது. எங்கடை பக்கம் பாட்டு ஊருக்குள் போறது பஸ்ஸிலும் ஓட்டோவிலும்தான், அதுக்குப் பென்டிரைவ் பிரதி வேணும். எம்பி3, 320 கேபிபிஎஸ், நாலு நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் நிற்கும். பென்டிரைவை ஃபாட்32 ஆக ஃபோர்மட் பண்ணுங்கோ, பழைய செட்டுகள் பல வேறொன்றையும் வாசிக்காது. கோப்பின் பெயரையும் உள்ளே எழுதுற தலைப்பையும் ஆங்கில எழுத்தில் வையுங்கோ, தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். முன்னுக்கு 01, 02 எண்டு இலக்கம் போடுங்கோ, வெறும் 1 எண்டு போட்டால் சில செட்டில் 1க்குப் பிறகு 10 ஓடும்.

இந்தப் பிரதிக்கு மட்டும் மாஸ்ரரை (சத்தம் சரிசெய்த இறுதிப் பதிப்பு) கொஞ்சம் ஏற்றி மைனஸ் 10 பக்கம் வைக்கலாம். பஸ் இஞ்சின் இரைச்சலுக்குள் மைனஸ் 14 இல் பல்லவியின் முதல் வரி கேளாது. 60 ஹேட்ஸுக்குக் கீழே இருக்கிறதை வெட்டிவிடுங்கோ, பஸ்ஸில் கட்டியிருக்கிற பெட்டி அதை இசையாகத் தராது, சட்டத்தைத்தான் அதிர வைக்கும். ஏ9 வழியாக ஓடுகிற ஒரு பஸ்ஸில் கொடுத்து, மாங்குளத்திலிருந்து வவுனியா வரை பின் ஆசனத்தில் இருந்து கேட்டுப் பாருங்கோ. வரி விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து குரலை ஒரு டெசிபல் ஏற்றினால் காணும்.