குயின் தூங்கினாள், என்னைத் துரத்திவிட்டார்கள்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் மொபைல் கேம் ஆடுகிறவர்களே, சரியான கிளான் (சேர்ந்து ஆடும் குழு) உங்களுக்கு எத்தனையாவது முயற்சியில் கிடைத்தது? எனக்கு மூன்றாவதில்.

2019-இல் டவுன்ஹால் 9-இல், அதாவது ஆட்டத்தின் ஒன்பதாம் நிலையில் இருந்தேன். ஒரு பெரிய கிளான், வார் லாக் (கிளான் போர்களின் பதிவு) முழுக்க வெற்றி. வேறு எதையும் பார்க்காமல் சேர்ந்துவிட்டேன். மூன்றாம் நாளே வாரில் பெயர். என் முக்கிய வீராங்கனை ஆர்ச்சர் குயினோ அப்கிரேடில். அப்போதெல்லாம் அப்கிரேடு முடியும்வரை அவள் பீடத்தில் தூங்குவாள், அட்டாக்குக்கு வரமாட்டாள். வார் விருப்பத்தைச் சிவப்புக்கு (வாருக்கு வரவில்லை என்று) மாற்றாதது என் தப்புதான். டிராகன்களை வைத்து ஒப்பேற்றியதில் மூன்றுக்கு ஒரே ஸ்டார். இரண்டாவது அட்டாக்குக்குப் படை தயாராவதற்குள் கிளான் சாட்டையே காணோம். கிக்! ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்தது நண்பன் கூப்பிட்ட கிளான். 50 பேர், பாதிப் பேர் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள். உதவிப் படையாக ஹாக் ரைடர் கேட்டால் சின்ன வீரனான கோப்ளினைப் போட்டுவிட்டு டொனேஷன் கணக்கு ஏற்றிக்கொள்வார்கள்.

இப்போது இருப்பது பத்துக்குப் பத்து வார் மட்டும் போடுகிற சின்ன கிளான். முதல் வாரில் தோற்றோம், அதுவும் என்னால். எல்லோரும் என் ரிப்ளேயைப் பார்த்தார்கள். கோ-லீடர் அண்ணன் எழுதினார்: "தம்பி, காத்து ஊதுற ஏர் ஸ்வீப்பர் பார்க்குற பக்கமே பலூன் படையை விட்டா காத்து தள்ளத்தானே செய்யும்? முதுகுப் பக்கமா போ." அப்புறம் தன் பேஸையே (ஊர் அமைப்பு) கிளானுக்குள் பயிற்சிக்கு அடிக்கிற ஃப்ரெண்ட்லி சேலஞ்சில் போட்டு, நான் மூன்று ஸ்டார் எடுக்கும்வரை விடவில்லை. அன்றைக்கு மணி பன்னிரண்டரை. அடுத்த நாள் எனக்குத் தேர்வு, அது வேறு கதை.

மறுமொழி 1

என் கதை கிளான்கள் மோதும் வார் லீக்கில் நடந்தது. ஏழு நாள், நாளுக்கு ஒரே அட்டாக். ஒன்றைக்கூட விடவில்லை. நைட் ஷிஃப்ட் இடைவேளையில், டீ ஆறிப்போக, கேன்டீனில் உட்கார்ந்து அடித்ததும் உண்டு. கடைசியில் லீடர் ஆள் பார்த்துக் கொடுக்கும் கூடுதல் பரிசு, போனஸ் மெடல், போனது லீடரின் இரண்டாவது அக்கவுண்டுக்கு! அந்த அக்கவுண்டில் இரண்டு நாள் அட்டாக்கே போடவில்லை. சாட்டில் கேட்டேன், ஒரு ஸ்மைலி வந்தது. லீக் முடிந்த கையோடு வெளியே வந்துவிட்டேன். இப்போதெல்லாம் சேருவதற்கு முன்பே போனஸ் யாருக்கு, எதைப் பார்த்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். மழுப்பினால் அடுத்த கிளான்.

மறுமொழி 2

நான் வார் லாக்கைவிட உறுப்பினர் பட்டியலைத்தான் பார்ப்பேன். அதில் ஒவ்வொருவரும் கொடுத்த உதவிப் படை, வாங்கியது இரண்டும் தெரியும். லீடர் வாங்கியது ஆயிரம், கொடுத்தது முப்பது என்று ஒரு கிளானைப் பார்த்தேன். உள்ளே நுழையும் முன்பே திரும்பிவிட்டேன்.

பதிவு போட்டவருக்கு ஒரு கேள்வி: தேர்வு என்னாச்சு?