பழைய ஜேபெக் படங்களை எதற்கு மாற்றுவது: ஏவிஃப், வெப்பி, ஜேபெக் எக்ஸ்எல்?

கேள்வி:
ஒரு படக் காப்பகத்தில் ஏறத்தாழ 40,000 ஜேபெக் கோப்புகள் இருக்கின்றன. எதற்கும் ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த பதப்படுத்தாத மூலம்) கிடையாது. இணையதளத்தில் வேகமாகத் திறக்க வேண்டும், பல வருடம் பத்திரமாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் புதிய பட வடிவமான ஏவிஃப் ஆக்கிவிட்டு ஜேபெக்கை அழித்துவிடலாமா? ஜேபெக் எக்ஸ்எல்தான் மேல் என்றும் சொல்கிறார்கள், ஆனால் குரோம் அதைக் கைவிட்டதே?

பதில் 1:
அழிக்கவே அழிக்காதீர்கள். ஜேபெக்கில் ஏற்கெனவே ஒரு முறை தகவல் போய்விட்டது, ஏவிஃப் ஆக்கினால் இன்னொரு முறை போகும். காட்டுவது ஒரு வேலை, காப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே கோப்பைத் தேடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

காட்டுவதற்கு ஏவிஃப் போதும். குரோம் 85, ஃபயர்பாக்ஸ் 93, சஃபாரி 16 முதல் ஓடுகிறது. எட்ஜ் மட்டும் 121 வரை இழுத்தடித்தது. முக்கியமான விஷயம், முதலில் அளவைக் குறையுங்கள், பிறகு மாற்றுங்கள். அதே அளவில் மாற்றினால் ஜேபெக்கின் 8×8 கட்டக் கறைகளையும் ஏவிஃப் பாடுபட்டுப் பதிவுசெய்யும். கோப்பு எதிர்பார்த்த அளவு சிறுக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நீளப் பக்கம் 1600 பிக்சல், மாற்றும் கருவியில் தரம் 60, வேகம் 6, நிற ஆழம் 10 பிட் என்று தொடங்கலாம். மூலம் 8 பிட்டாக இருந்தாலும் 10 பிட் வைத்தால் வானம், சுவர் போன்ற இடங்களில் பட்டை விழுவது குறையும். தரத்தை ரொம்பக் கீழே இறக்கினால் தோலும் துணி நெசவும் மெழுகு பூசினாற்போல் வழவழத்துவிடும்.

பதில் 2:
காப்பதற்கு என் ஓட்டு ஜேபெக் எக்ஸ்எல்லுக்கே. ஜேபெக்கின் உள்ளெண்களை அப்படியே எடுத்து வேறு விதமாக அடுக்குவதால், கோப்பு சுமார் 20 சதவீதம் சிறுக்கும், பழைய ஜேபெக்கையும் ஒரு பைட்டும் மாறாமல் திரும்பப் பெறலாம். ஏவிஃப்பும் வெப்பியும் இதைச் செய்வதில்லை. ஜேபெக் எக்ஸ்எல்லாக மாற்றும் சிஜேஎக்ஸ்எல் கருவியிடம் ஜேபெக் கோப்பைக் கொடுத்தால் இயல்பாகவே இப்படித்தான் மாற்றும். மாற்றிய கையோடு அதன் எதிர்க்கருவியான டிஜேஎக்ஸ்எல் கொண்டு திரும்ப ஜேபெக் ஆக்கி, ஷா-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) பழைய கோப்போடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் மட்டும் பழையதைத் தொடலாம்.

கெடுவது எங்கே என்றால், பொதுவான பட மாற்றிகள் ஜேபெக்கை முதலில் பிக்சலாக விரித்துவிடும். அதன்பின் மூலக் கோப்பு திரும்பாது. மாற்றிய கோப்பில் எக்ஸிஃப் தகவலை (கேமரா எழுதும் தேதி, அமைப்பு முதலியவை) நீக்கினாலும் இதே கதிதான். சிஎம்ஒய்கே (அச்சு நிறமுறை) ஜேபெக்குகளையும் பாதியில் அறுந்த கோப்புகளையும் ஜேபெக்காகவே விட்டுவிடுங்கள்.

குரோம் விவகாரம்: குரோமில் ஜேபெக் எக்ஸ்எல் வெறும் சோதனை ஸ்விட்ச்சாகத்தான் இருந்தது, அதைப் பதிப்பு 110ல் எடுத்தார்கள். 2023ல் சஃபாரி 17 ஏற்றுக்கொண்டது, அடோபியின் ரா வடிவமான டிஎன்ஜி 1.7லும் இடம் கிடைத்தது. ஐஎஸ்ஓ 18181 என்ற தரநிலையும் உண்டு. ஒரு பிரவுசரின் முடிவை வைத்துக் காப்பகத்தின் முடிவை எடுப்பது தவறு.

பதில் 3:
இங்கே நான் முரண்படுகிறேன். 1992ல் வந்த ஜேபெக்கைப் படிக்காத கருவியே இல்லை. 20 சதவீதத்துக்காக அந்த உறுதியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 40,000 கோப்பு பெரிய சேமிப்பகமே அல்ல. மூல ஜேபெக்கை இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள், ஷா-256 பட்டியலையும் கூடவே வையுங்கள்.

புது வடிவம் என்றால் அதைப் படிக்கப் புது டிகோடர், அதில் புதுப் பாதுகாப்பு ஓட்டை. 2023 செப்டம்பரில் வெப்பி நூலகத்தில் வந்த ஓட்டைக்கு 1.3.2ல் திருத்தம் வந்தது. ஆனால் அந்த நூலகத்தைத் தனக்குள்ளேயே பொதிந்து வைத்திருந்த ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நீங்கள் எந்த வடிவத்தை எடுத்தாலும் சர்வரில் அதற்கான நூலகத்தின் பதிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்டவர்:
சரி, ஜேபெக் அப்படியே இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுகளும் கொஞ்சம் பிஎன்ஜியாக உள்ளன. அவற்றையும் ஏவிஃப் ஆக்கலாமா? பழைய பிரவுசர்களுக்கு என்ன செய்வது?

பதில் 1:
ஸ்கிரீன்ஷாட்டுக்கு இழப்பற்ற வெப்பி. ஏவிஃப்பின் இழப்பற்ற முறை பலவீனமானது, பல நேரம் வெப்பியைவிடப் பெரிதாக வரும். இழப்புள்ள வெப்பியும் வேண்டாம். அது 4:2:0 மட்டுமே, அதாவது நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் வைக்கும், சிவப்பு எழுத்தின் ஓரம் கசியும். வெப்பியில் எந்தப் பக்கமும் 16,383 பிக்சலைத் தாண்டக் கூடாது என்பதால் நீண்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் மாற்றத்திலேயே நின்றுவிடும், அவற்றைப் பிஎன்ஜியாக விடுங்கள்.

பழைய பிரவுசருக்கு பிக்சர் டேகில் ஏவிஃப்பை முதலிலும் ஜேபெக்கைக் கடைசியில் இமேஜ் டேகாகவும் போடுங்கள். தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தைப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும், வரிசை மாறினால் ஏவிஃப் பயன்படாது. ஒரே முகவரியில் சர்வரே வடிவத்தைத் தேர்ந்து அனுப்புவதானால் பதிலோடு போகும் வேரி ஹெடரில் அக்செப்ட் (பிரவுசர் ஏற்கும் வடிவங்களின் பட்டியல்) கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையேல் இடையிலுள்ள கேஷ் ஒருவருக்குச் சேமித்த ஏவிஃப்பைப் பழைய பிரவுசருக்கும் தள்ளிவிடும், அங்கே உடைந்த படம்தான் தெரியும்.

பதில் 2:
ஒன்று விட்டுப்போயிற்று. மொத்தமாக ஓட்டுவதற்கு முன் நிமிர்த்தி எடுத்த படம் சிலவற்றையும், அடோபி ஆர்ஜிபி அல்லது டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் உள்ளவை சிலவற்றையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். அளவு குறைக்கும் கருவி திசைக் குறிப்பை உதறினால் படம் படுத்துக்கொள்ளும். ஐசிசி புரொஃபைலை (நிறவெளி எது என்ற குறிப்பு) உதறினால் நிறம் வெளிறும், ஆகவே அளவு குறைக்கும்போதே இணையத்தின் பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள்.