‘ஏன் இடம்பெயர்ந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு ‘வேலைக்காக’ என்பதைத் தாண்டி விடை கிடைக்குமா?

கேள்வி: களக்குறிப்பு

வணக்கம். நான் மானிடவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஆய்வேட்டுக்காக, பிறந்த இடத்தை விட்டு வேறொரு நகரத்துக்கு வந்து வேலை செய்கிறவர்களைச் சந்தித்துப் பேசி வருகிறேன். என் வினாநிரலின் முதல் கேள்வி ‘நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?’ என்பதுதான். இதுவரை பேசியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ‘வேலைக்காக’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்கள். மேலும் துருவினால், ‘அங்கே வருமானம் இல்லை, இங்கே இருக்கிறது’ என்கிறார்கள். அதை எழுதி வைக்கும்போது, பாடப்புத்தகத்தில் உள்ள தள்ளும் காரணி (ஊரைவிட்டுப் போகச் செய்வது), இழுக்கும் காரணி (புதிய இடத்துக்கு ஈர்ப்பது) அட்டவணையை நானே இன்னொரு முறை நிரப்புவதாகத் தோன்றுகிறது.

வருமான வேறுபாடு மட்டுமே காரணம் என்றால் இதற்குள் உலகில் பாதிப் பேர் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி, 2024-இல் நாடு விட்டு நாடு சென்று வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 30.4 கோடிப் பேர். உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஒரே வீட்டில், ஒரே வறுமையில் வளர்ந்த இருவரில் ஒருவர் போகிறார், மற்றவர் இருந்துவிடுகிறார். இந்த வேறுபாட்டை மானிடவியலாளர்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள்? என் கேள்வி தவறா, அல்லது கேட்கும் விதம் தவறா? களப்பணி செய்து பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

(இங்கே ‘இடப்பெயர்வு’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். ‘புலம்பெயர்வு’ என்றால் நாடு கடந்து போனவர்கள் மட்டுமே பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள்.)

மறுமொழி: நெடுவழி

மாணவிக்கு வணக்கம். தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்ற சட்டகத்தை நீங்கள் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அது எதைப் பார்ப்பதற்காக உருவான கருவி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டைன் 1885-இல் இலண்டனில் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறைக்குத் தொடக்கம். பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை வைத்துக்கொண்டு, பெரும்பாலோர் குறைந்த தொலைவே போகிறார்கள், படிப்படியாக நகர்கிறார்கள், ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்று அவர் காட்டினார். 1966-இல் எவரெட் லீ இதற்கு இன்றைய பாடப்புத்தக வடிவத்தைக் கொடுத்து, இடையில் வரும் தடைகளையும் சேர்த்துக்கொண்டார். இவையெல்லாம் பயனுள்ளவை. ஆனால் கணக்கெடுப்பில் ஒரு தலைக்கு ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வீடு அதில் தெரியாது. ஆகவே இரண்டு இடங்களையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கும் ஒரு தனி மனிதர் அந்தச் சட்டகத்துக்குள் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

களத்தில் அப்படி ஒரு தனி மனிதரைக் காண்பது அரிது. போகிறவர் ஒருவர், போக வேண்டும் என்று முடிவெடுப்பவர் வேறொருவர், செலவை ஏற்பவர் இன்னொருவர் என்பதுதான் பெரும்பாலும் நாம் பார்ப்பது. பொருளியலாளர்களும் 1985 வாக்கில் இதை ஏற்கத் தொடங்கினார்கள். விளைச்சல் பொய்த்தால் வீடு முழுவதும் சாய்ந்துவிடாமல் இருக்க ஓர் ஆளை வேறு வருவாய்க்கு அனுப்பி வைக்கிறது குடும்பம் என்று ஓடெட் ஸ்டார்க்கும் டேவிட் புளூமும் எழுதினார்கள். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே யாருடைய சொல் எடுபடுகிறது, யாருடையது எடுபடுவதில்லை என்பதைத் தோண்டிப் பார்ப்பது மானிடவியலின் வேலை.

உங்களுக்கு ஒரு பழைய களத்தைச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது. இன்று ஜாம்பியா எனப்படும் நாட்டில் 1937-இல் ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கிருந்த ஆய்வாளர்கள் தாமிரச் சுரங்க நகரங்களுக்கு வந்து குவிந்த ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கிளைட் மிட்செல், லுவான்ஷியா என்ற சுரங்க நகரத்தில் பிசா இனத்துத் தொழிலாளர்கள் ஆடிய கலேலா என்னும் நடனத்தைப் பற்றி 1956-இல் எழுதினார். ஆடியவர்கள் மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் காற்சட்டையும் வெள்ளை வெளேரென்ற பனியனும் பளபளக்கும் காலணியும் அணிந்திருந்தார்கள். வெள்ளை அங்கியில் செஞ்சிலுவை தீட்டிய ஒருவர் ‘மருத்துவர்’. அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் ‘செவிலி’. அவர் கண்ணாடியும் கைக்குட்டையும் ஏந்தி ஆடுகிறவர்களிடையே சுற்றி வந்து, அவர்கள் முகம் துடைத்து ஒப்பனையைச் சரிசெய்துகொள்ள உதவினார். பூர்வீக உடையின் சாயலே அங்கே இல்லை. ஆனால் பாட்டு முழுவதும் சொந்த மண்ணின் பெருமையும் மற்ற இனங்களைப் பற்றிய கேலியும்தான்.

கிராமத்து அடையாளம் நகரத்துக்குள் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை என்பதை மிட்செல் இதிலிருந்து படித்தார். முன்பின் தெரியாதவர்கள் நெருக்கியடித்து வாழும் இடத்தில், யார் யாரோடு எப்படிப் பழகுவது என்று வகைப்படுத்திக்கொள்ள அந்த அடையாளம் அங்கேயே புதிதாக வடிக்கப்பட்டது. அப்படியென்றால், வந்தவர் ‘அங்கே’ எப்படி இருந்தாரோ அப்படியே ‘இங்கே’ இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு நீங்கள் நேர்காணலைத் தொடங்கக்கூடாது.

‘வேலைக்காக’ என்ற விடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு மானிடவியலாளர் குளோட் மெயசூ 1975-இல் முன்வைத்த வாதத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு தொழிலாளியைப் பெற்று வளர்த்தது, நோயில் பார்த்துக்கொள்வது, வயதானபின் சோறு போடுவது ஆகியவை எல்லாம் அவர் விட்டு வந்த வீட்டின் உழைப்பில் நடக்கின்றன. அவற்றுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அதனால்தான் வந்த இடத்தில் அவ்வளவு குறைந்த கூலிக்கு அவரை வேலைக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. வேலைக்காக வந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் விட்டு வந்த வீடு அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

மறுமொழி: தொடர்சங்கிலி

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ‘ஏன்’ என்பதைவிட ‘எப்படி’ என்பதில்தான் விடை கிடக்கிறது என்பது என் துணிபு. ஓர் இடப்பெயர்வு தொடங்கும் காரணமும் அது தொடரும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெக்சிகோவிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு விவசாயக் கூலிகளை அழைத்துச் செல்ல 1942-இல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1964-இல் அது முடிவுக்கு வந்தது; மக்கள் போவது முடியவில்லை. அந்தச் சமூகங்களை 1982 முதல் ஆராய்ந்து வந்த சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் மானிடவியலாளர் ஹோர்ஹே துராந்தும் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார்கள். முதலில் போகிறவருக்கு எல்லாமே ஆபத்து. அவருக்குப் பின் போகிற தம்பிக்குத் தங்க ஓர் இடமும் கேட்டுச் சொல்ல ஓர் ஆளும் இருக்கிறார்கள். பத்தாவதாகப் போகிறவருக்கு வேலையே காத்திருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருகிறவரின் செலவையும் அச்சத்தையும் குறைத்துவிடுகிறார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் அண்ணன் தம்பிப் புதிருக்கு இது ஓரளவு விடை தருகிறது. வறுமை இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். தொடர்பு அப்படிப் பொதுவாக இருப்பதில்லை. யாருடைய நண்பன் முன்பே போயிருக்கிறான், யாரை நம்பிக் கடன் கொடுக்கிறார்கள், முகவர் யார் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

மானிடவியலாளர் ரோஜர் ரவுஸ் 1991-இல் வெளியிட்ட ஆய்வையும் அவசியம் படியுங்கள். மெக்சிகோவின் அகிலிய்யா என்ற சிற்றூரிலிருந்து கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டிக்குப் போனவர்கள், போய்விட்டவர்களாகவும் இல்லை, திரும்பியவர்களாகவும் இல்லை. போவதும் வருவதுமாக இருந்தார்கள். வராத நாட்களில் தொலைபேசி இருந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவர்களோடு, பக்கத்து வீட்டாரோடு இருப்பதைப் போன்ற நெருக்கத்தை விடாமல் காத்துவந்தார்கள். இரண்டு இடங்களும் சேர்ந்துதான் ஒரே சமூகம் என்றார் ரவுஸ். அப்படிப்பட்டவரிடம் ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்டால், அவர் ஒருமுறை வந்து முடித்துவிட்டதாக நாமே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறோம்.

மறுமொழி: எல்லைக்கோடு

தொடர்புகளின் வலிமையைப் பற்றி எழுதும்போது அரசு என்ற ஒன்று இருப்பதை மறந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மேலே சொன்ன மாசியும் துராந்தும் பின்னாளில் காட்டிய ஓர் உண்மை என்னை நீண்ட நாள் உறங்கவிடவில்லை. 1986-க்கும் 2008-க்கும் இடையில் அமெரிக்கா தன் எல்லைக் காவலர்களின் எண்ணிக்கையை ஐந்து மடங்காக்கியது. அதே காலத்தில் ஆவணமின்றி அந்நாட்டில் வாழ்கிறவர்கள் 30 இலட்சத்திலிருந்து 1.2 கோடியாகப் பெருகினார்கள். கடப்பது கடினமானதும், பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்புவதை நிறுத்திக்கொண்டார்கள். மறுபடி வர முடியுமோ என்ற அச்சத்தில் அங்கேயே தங்கி, குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள்.

நகரங்களை ஒட்டிய எளிய வழிகளை அடைத்துவிட்டால் பாலைவனமே மக்களைத் தடுத்துவிடும் என்ற திட்டம் 1994-இல் நடைமுறைக்கு வந்தது. மானிடவியலாளர் ஜேசன் டி லியோன் 2009 முதல் அரிசோனாவின் சோனோரா பாலைவனத்தில், கடந்து போனவர்கள் விட்டுச்சென்ற பொருட்களைத் தொல்லியலாளர் போலப் பொறுக்கி ஆராய்ந்தார். அவற்றில் கறுப்புத் தண்ணீர்க் குடுவைகள் இருந்தன. வெள்ளைக் குடுவை வெளிச்சத்தில் பளிச்சிட்டுக் காவலர் கண்ணில் படும் என்று நம்பிக் கறுப்பை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கறுப்பு வெயிலை உறிஞ்சும். உயிரைக் காக்க வேண்டிய தண்ணீரே குடிக்க முடியாத அளவு சூடாகிவிடும். ‘எப்படிப் போகிறார்கள்’ என்ற கேள்விக்கு உறவுகள் மட்டும் விடை சொல்வதில்லை. அந்தக் குடுவையும் சொல்கிறது.

விரட்டப்பட்டு வந்தவர்களையும் வேலைக்கு வந்தவர்களையும் அவசரப்பட்டு ஒரே பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அதே நேரத்தில் அவர்களுக்கு இடையே சுவரும் எழுப்பாதீர்கள். 1972 படுகொலைகளுக்குப் பின் புருண்டியிலிருந்து தான்சானியாவுக்குத் தப்பி வந்த ஹுட்டு இன மக்களிடையே மானிடவியலாளர் லீசா மால்கி 1985, 86-இல் களப்பணி செய்தார். மிஷாமோ முகாமில் இருந்தவர்கள், தாங்கள் நாடு இழந்த ஒரு மக்கள் என்ற வரலாற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்துக்கொண்டார்கள். கிகோமா நகரத்தில் கலந்து வாழ்ந்தவர்களோ அகதி என்ற பெயரையே தவிர்த்து, இடத்துக்கு ஏற்ப வேறு வேறு அடையாளங்களில் நடமாடினார்கள். ஒரே துயரம்தான், ஆனால் அதை அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதைப் போய்ச் சேர்ந்த இடம் தீர்மானித்தது. நீங்கள் பேசுகிறவர்களும் இப்போது இருக்கும் இடத்திலிருந்துதான் தங்கள் காரணத்தைச் சொல்கிறார்கள்.

கேட்டவரின் தொடர்கேள்வி: களக்குறிப்பு

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாட்களாக இவற்றையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு குறை மட்டும் மனத்தில் நிற்கிறது. இந்த எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் ஆண்களே போகிறார்கள். பெண்கள் விட்டு வந்த வீட்டில் இருக்கிறார்கள். போகாமல் இருப்பவர்களை நான் எப்படி ஆய்வுக்குள் கொண்டுவருவது? அவர்களிடம் ‘ஏன் போகவில்லை?’ என்று கேட்டால் போதுமா?

மறுமொழி: நெடுவழி

நல்ல கேள்வி. என் எடுத்துக்காட்டு சாய்வாக அமைந்ததை ஒப்புக்கொள்கிறேன். குறைந்த தொலைவுக்கு இடம்பெயர்வதில் பெண்களே ஆண்களை விஞ்சுகிறார்கள் என்று ராவன்ஸ்டைனே 1885-இல் எழுதியிருந்தார். ஆனாலும் அதற்குப் பின் நெடுங்காலம், ஆண் போகிறான், பெண் காத்திருக்கிறாள் அல்லது கூடப் போகிறாள் என்றே துறை முழுவதும் எழுதிக்கொண்டிருந்தது. ரோம் நகரத்திலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வீட்டு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்களைப் பற்றி சமூகவியலாளர் ரசெல் பரேனியாஸ் 2001-இல் எழுதியதைப் பாருங்கள். அவர்கள் அங்கே பிறர் குழந்தைகளை வளர்த்தார்கள். அவர்கள் பெற்ற குழந்தைகளைச் சொந்த நாட்டில் ஓர் உறவினரோ, அவர்களைவிட ஏழையான ஒரு பெண்ணோ வளர்த்தார். இருந்த இடத்தைவிட்டு அசையாமல் அந்தக் குழந்தைகளை வளர்த்தவரையும் சேர்த்தால்தான் அந்த இடப்பெயர்வின் கதை முழுமையாகும்.

‘ஏன் போகவில்லை?’ என்று நேரடியாகக் கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுவதாக ஒலிக்கும். யோர்கன் கார்லிங் 2002-இல் கேப் வெர்டே தீவுகளைப் பற்றி எழுதும்போது, போக விரும்பியும் போக முடியாதவர்களையும் இருக்க விரும்பி இருப்பவர்களையும் பிரித்துக் காட்டினார். வெளியே பார்க்க இருவரும் ஒன்றுதான்; உள்ளே வேறு வேறு.

உங்கள் முதல் கேள்வியையும் மாற்றிப் பாருங்கள். காரணத்தைக் கேட்டால் எவரும் காரணம்போல ஒலிக்கும் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். ‘இங்கே வந்த முதல் இரவு எங்கே படுத்தீர்கள்? அந்தக் கதவை உங்களுக்குத் திறந்தவர் யார்?’ என்று தொடங்கிப் பாருங்கள்.

கேட்டவர்: களக்குறிப்பு

நேற்று அப்படியே கேட்டேன். முன்பு ‘வேலைக்காக’ என்று சொல்லி நிறுத்திக்கொண்ட அதே மனிதர் ஒன்றரை மணி நேரம் பேசினார். முதல் இரவு அக்காள் கணவரின் அறையில், இரவுப் பணிக்குப் போயிருந்த இன்னொருவருடைய பாயில் படுத்தாராம். விடிந்து அவர் திரும்பி வந்ததும் பாயைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறார். வரவேண்டியவர் இவர் இல்லை. அண்ணனுக்காகத்தான் வேலை சொல்லி வைத்திருந்தார்கள், கடனும் அண்ணன் பெயரில்தான் வாங்கப்பட்டது. புறப்படும் வாரத்தில் தந்தை படுத்த படுக்கையாகிவிட, நிலத்தைப் பார்க்கத் தெரிந்த மகன் இருக்கட்டும் என்று தாய் முடிவு செய்திருக்கிறார். அந்தக் கடனை இவர்தான் நான்கு ஆண்டுகளாக அடைத்து வந்திருக்கிறார். இதை இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

அந்த அண்ணனின் தொலைபேசி எண்ணை, அவரிடம் முதலில் ஒப்புதல் பெற்ற பிறகு, எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாயிடமும் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.