கடல்தேங்காய் மரம் கடலுக்கடியில் நிற்கிறது என்று நம் முன்னோர் நம்பியது ஏன்?

கேள்வி: கரைமடி (முட்டம்)

அனைவருக்கும் வணக்கம். முட்டத்துக்கு அருகிலுள்ள எங்கள் பாட்டியின் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவிருப்பதால், சென்ற வாரம் அடுக்களைப் பரண்மேல் இருந்த பொருள்களை இறக்கினோம். பழஞ்சேலைத் துண்டில் சுற்றிய ஒரு கறுப்பு ஓடு அவற்றுள் இருந்தது. ஒட்டிப் பிறந்த இரட்டைத் தேங்காய் போன்ற வடிவம். ஒரு பக்கத்தில் மட்டும் கை நுழையும் அளவுக்கு அறுத்திருக்கிறார்கள். எண்ணெய் தடவித் தடவி வெளிப்புறம் கருங்கல் சிலைபோல் மின்னுகிறது. அதனுள்ளே ஒரு சிறிய டப்பாவில், கட்டைவிரல் அளவில், யானைத் தந்தம் போல வெண்மை மாறாத ஒரு துண்டும் இருந்தது. அதன் ஒரு முனை, கல்லில் இழைத்து இழைத்துச் சரிவாகத் தேய்ந்திருக்கிறது.

இதுதான் கடல்தேங்காய் என்று அம்மா சொன்னார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் வழங்கிய செய்திகள் மூன்று. மாலத்தீவுக்கும் அப்பால், எவரும் போய்த் திரும்பாத ஆழத்தில், கடலுக்கடியில் இந்த மரம் நிற்கிறது. காய் முற்றியதும் கீழே விழாமல் மேல்நோக்கி எழுந்து வருகிறது என்பது ஒன்று. இதன் பருப்பைத் தாய்ப்பாலில் இழைத்துக் கொடுத்தால் குழந்தைகளுக்குக் கணையும் மாந்தமும் அண்டாது என்பது இரண்டாவது. திருக்கை முள் குத்திய கடுப்பு முதல் பாம்பு நஞ்சு வரை எதையும் இது முறிக்கும் என்பது மூன்றாவது. பக்கத்து ஊர்களிலிருந்தும் பாட்டியிடம் இதைக் கேட்டு வருவார்களாம்.

என் பாட்டா நாற்பது ஆண்டுகள் கட்டுமரத்தில் தொழில் செய்தவர். காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) பார்த்து மீன் எங்கே நிற்கும் என்று சொல்லக்கூடியவர். உப்பு நீருக்கடியில் தென்னை வளராது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர் இதை ஏன் முழுமனத்துடன் நம்பினார் என்பதே என் கேள்வி. இன்னொன்றும் உண்டு. என் தம்பியின் மகளுக்கு இப்போது மூன்று மாதம். அந்தத் துண்டை இழைத்துக் கொடுக்க வேண்டும் என்று அம்மா விரும்புகிறார். கொடுக்கலாமா?

பதில் 1: தக்கலை வாசகன்

உங்கள் பாட்டா நம்பியதில் வியப்பு இல்லை. அவர் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் மிகத் தேர்ந்த மருத்துவர்களும் மாலுமிகளும் ஏறத்தாழ இதையேதான் நம்பினார்கள். அவர்கள் அறிந்திருந்த செய்திகளைக் கொண்டு பார்த்தால், அது பொருந்தாத முடிவும் அல்ல.

இந்தக் காய் காய்ப்பது ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, செஷல்ஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள பிராலின், கியூரியூஸ் என்னும் இரண்டு சிறு தீவுகளில் மட்டுமே. உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. 1770 வரை அந்தத் தீவுக்கூட்டத்தில் நிலையாகக் குடியிருந்தவர்கள் இல்லை. அங்கிருந்து மாலத்தீவு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனால் கடலோடிகள் இந்தக் காயைக் கண்டதெல்லாம் மாலத்தீவின் கரைகளிலும் நடுக்கடலிலும்தான். அறிந்த கரை ஒன்றிலும் மரம் இல்லை. காய் மட்டும் கடலிலிருந்து வருகிறது. அப்படியானால் மரம் கடலுக்குள் இருக்க வேண்டும் என்று எண்ணுவதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

காய் மேல்நோக்கி எழுகிறது என்ற செய்தியிலும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. செடிகொடிகளின் விதைகளிலேயே மிகப் பெரியது இதுதான். இருபது கிலோவுக்கு மேலும் எடையிருக்கும். முற்றுவதற்கு ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். முளைக்கும் உயிருள்ள காய் நீரில் மிதப்பதில்லை; கல்லைப் போல் மூழ்கிவிடும். அடியில் கிடந்து, மேல்மட்டை கழன்று, உட்புறம் அழுகி வெறுமையான பிறகே ஓடு இலேசாகி மேலே வருகிறது. அது ஆழத்திலிருந்து எழுந்து வருவதை எவரேனும் கண்ணால் கண்டிருந்தால், கடலுக்கடியில் மரம் இருக்கிறது என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி அவருக்கு வேண்டியிருக்காது. மிதக்கும் காய் முளைக்காது, முளைக்கும் காய் மிதக்காது என்பதால்தான், நம் ஊர்த் தென்னையைப் போல இது தீவு தீவாகப் பரவவில்லை.

கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் அச்சான தம் மருந்து நூலில் இந்தக் காயைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலத்தீவு ஒரு காலத்தில் பெருநிலத்தோடு சேர்ந்திருந்தது, கடல் கொண்டபோது மரங்களும் உடன் மூழ்கின என்று அக்காலத்தில் சொல்லப்பட்டதையும் குறிப்பிடுகிறார். கடல்கோள் பற்றிக் கேட்டு வளர்ந்த குமரிக்கரை மக்களுக்கு இது எவ்வளவு இயல்பாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மலாய் மாலுமிகளோ, கடலின் கொப்பூழாகிய பெருஞ்சுழலில் அந்த மரம் நிற்கிறது, அதில் கருடன் கூடு கட்டியிருக்கிறது, அருகே போகும் கப்பலை அந்தச் சுழல் இழுத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள்.

1602 முதல் 1607 வரை, கப்பல் உடைந்து மாலத்தீவில் சிக்கியிருந்த பிரெஞ்சுக்காரர் பிரார் த லவால் எழுதியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கரை ஒதுங்கும் கடல்தேங்காய் யாவும் அரசருக்கே உரியவை. எவரேனும் திடீரென்று பணக்காரராகிவிட்டால், அவருக்குக் கடல்தேங்காயோ, திமிங்கிலத்திலிருந்து வரும் நறுமணப் பொருளான அம்பரோ கிடைத்திருக்கும் என்று ஊரார் பேசிக்கொள்வார்களாம். அதே 1602இல், ஐரோப்பியப் பேரரசர் இரண்டாம் ருடால்புக்காக இந்த ஓட்டில் வெள்ளிப் பூண் கட்டிப் பொன்முலாம் பூசி ஒரு குடுவை செய்தார்கள். அது இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நஞ்சுக்கு அஞ்சிய அரசர்கள், இந்த ஓட்டில் ஊற்றிய பானம் நஞ்சற்றதாகிவிடும் என்று நம்பி இதைத் தேடினார்கள். ஆக, பாட்டியின் வீட்டில் வழங்கிய மூன்றாவது நம்பிக்கை அரண்மனைகளிலும் வழங்கியதுதான்.

1768இல் ஒரு பிரெஞ்சு ஆய்வுப் பயணம் பிராலின் தீவில் மரத்தையே கண்டது. அதன்பின் கப்பலில் ஏற்றிவந்து இந்தியச் சந்தையில் குவித்ததால் விலை சரிந்தது. அப்போதும் மரத்தைச் சுற்றிய கற்பனை ஓயவில்லை. 1881இல் அங்கே சென்ற ஆங்கிலத் தளபதி கார்டன், விவிலியம் சொல்லும் ஏதேன் தோட்டம் அந்தப் பள்ளத்தாக்குதான், விலக்கப்பட்ட கனி இதுதான் என்று உறுதியாக நம்பினார்.

ஓட்டைப் பற்றி ஒரு சொல். பாரசீகம் முதல் நம் நாடு வரை பக்கீர்கள் ஏந்திய கஷ்கூல் என்னும் பிச்சைப்பாத்திரங்களில் பல இந்த ஓட்டால் ஆனவையே. சிறுவயதில் பீர்முகம்மது அப்பா தர்காவுக்கு வந்த ஒரு பெரியவரின் கையில், சங்கிலி கோத்த இத்தகைய ஓடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இன்று கோயில் வாசல்களில் காணும் திருவோடுகளில் பல, அமெரிக்காவிலிருந்து வந்த திருவோட்டு மரத்தின் காயிலிருந்து செய்தவை. அவை ஒற்றைக் காயாக உருண்டையாக இருக்கும். உங்களுடையது இரட்டையாக இருப்பதால் ஐயம் வேண்டாம்.

பதில் 2: வள்ளவிளை ஆழ்கடல்

தக்கலை அண்ணாச்சி எழுதியதோடு, தொழில் செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய எங்கள் ஊர்ப் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் வெகு தொலைவு போகின்றவை. இலட்சத்தீவைத் தாண்டிப் போகும்போது, நீரில் மிதக்கும் எதையும் நாங்கள் கூர்ந்து பார்ப்போம். ஒரு மரக்கட்டை மிதந்தால் போதும், அதன் நிழலில் சிறுமீன் கூடும். சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். அந்தக் கட்டை எந்த நாட்டில் முறிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நீவாடு கொண்டுவந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்வோம். உங்கள் பாட்டாவும், காய் வந்த திசையைத்தான் கண்டிருப்பார். புறப்பட்ட இடத்தை எப்படிக் காண்பார்?

ஓடு கடல் வழியாக வந்ததா, கடைவழி வந்ததா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். நெடுநாள் மிதந்த பொருளில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிரி பற்றியிருக்கும். சுரண்டி மெருகேற்றினாலும், இரண்டு காய்களும் சேரும் அந்தப் பிளவின் இடுக்கில் கத்தி முழுதாகப் போகாது. அங்கே நகக்கண் அளவில் வெள்ளை வளையத் தடங்கள் இருக்கின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

திருக்கை முள்ளுக்கு எங்கள் படகில் கடல்தேங்காய் எதுவும் வைத்திருப்பதில்லை. சுடுநீர்தான்.

பதில் 3: கோட்டாறு கடைத்தெரு

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக நாட்டுமருந்துக் கடை நடத்துகிறது. மிதந்து வரும் காயின் உள்ளே பருப்பு பெரும்பாலும் அழுகிப்போயிருக்கும் என்பதால், வெண்மை மாறாத உங்கள் துண்டு அந்த ஓட்டில் இருந்ததாக இருக்காது. பிற்காலத்தில் கடையில் வாங்கியதாகவே இருக்கும். வெட்டிய துண்டை மட்டும் பார்த்து, அது எந்த மரத்தினுடையது என்று நானும் உறுதி சொல்ல மாட்டேன்.

உரைமருந்துப் பொருள்களை ஒருமுறை வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் தோன்றியது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வருகிறது. மாசிக்காய் காயே அல்ல. மேற்காசியாவின் ஓக் மரக்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு. இதைச் சொன்னால் வாங்க வருபவர்கள் இன்றும் நம்ப மறுக்கிறார்கள். கொல்லையில் கிடைக்கும் வேம்பையும் துளசியையும்விடக் கப்பலில் வந்த பொருளுக்கு ஆற்றல் அதிகம் என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக இருந்தது. எவ்வளவு தொலைவோ அவ்வளவு மதிப்பு. கடலுக்கடியிலிருந்தே வந்தது என்றால், அதற்கு மேல் தொலைவு ஏது?

இன்று செஷல்ஸ் அரசு இந்தக் காயை எண்ணிட்டு, அனுமதிச் சான்றுடன் மட்டுமே வெளியே விடுகிறது. மரத்தை நேரில் பார்க்க விரும்பினால், கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பூங்காவில் காணலாம். கொல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தாவரவியல் பூங்காவிலும் 1894இல் ஒரு மரம் நட்டார்கள்.

பதில் 4: குளச்சல் செவிலி

வரலாற்றை அறிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். மூன்று மாதக் குழந்தையைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனமும் நம் மருத்துவர்களும் வலியுறுத்துவது. மருத்துவர் எழுதித் தரும் மருந்து மட்டும் இதற்கு விலக்கு.

பயம் அந்தத் துண்டைப் பற்றியது மட்டும் அல்ல. பல ஆண்டுகள் பரணில் கிடந்த பொருள், பல குழந்தைகளுக்கு இழைத்த கல், இழைத்தவர் விரல், இவற்றில் எதில் கிருமி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வயதில் வரும் ஒரு நாள் வயிற்றுப்போக்கே குழந்தையை வற்றச் செய்துவிடும். உரைமருந்தோடு சேரும் மற்றப் பொருள்களும் தீங்கற்றவை அல்ல. ஜாதிக்காய் அளவு கூடினால் குழந்தை விழிக்க முடியாத மயக்கத்துக்குப் போகலாம். மருந்து கொடுத்ததும் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று பாட்டிமார் மகிழ்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

உங்கள் அம்மாவின் மனத்தை நோகடிக்க வேண்டியதில்லை. குழந்தைக்குக் கேடு வரக் கூடாது என்பதே அவருடைய விருப்பம். தடுப்பூசிக்குப் போகும் நாளில் அவரையும் அழைத்துச் சென்று, எடை பார்க்கும்போது அருகில் நிற்கச் செய்யுங்கள். எடைக்கோடு ஏறுவதைத் தம் கண்ணால் கண்ட பிறகு உரைகல்லைத் தேடாத பாட்டிகள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

நஞ்சு பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் அந்த உறுப்பை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். அந்த நஞ்சு சூட்டில் சிதையும், வலி தணியும். முள் முறிந்து உள்ளே இருந்தாலோ, குத்தியது மார்பிலோ வயிற்றிலோ என்றாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் எதையும் இழைத்துக்கொண்டிருக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடல்தேங்காய் எந்த நஞ்சையும் முறிக்காது.

கரைமடி (முட்டம்)

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. செவிலி அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தத் துண்டை டப்பாவோடு என்னிடமே கொடுத்துவிட்டார். அடுத்த தடுப்பூசிக்குக் குழந்தையை அவரே மடியில் வைத்துக்கொண்டு போகப்போகிறாராம்.

வள்ளவிளை அண்ணன் சொன்னபடி இன்று காலையில் ஓட்டை முற்றத்துக்குக் கொண்டுவந்து, பிளவின் இடுக்கில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஈர்க்குச்சியால் எடுத்தேன். அடியில் மூன்று வெள்ளை வளையங்கள் தெரிந்தன. ஒன்று முழுதாகவும் இரண்டு பாதியாகவும் இருக்கின்றன. அம்மா தம் விரல்நகத்தை அவற்றின்மேல் வைத்துப் பார்த்து, பாட்டா இதைக் கடலில் எடுத்ததாகச் சொன்னது மெய்தான் என்றார்.