ஒரு சக்கரம் மட்டும் டயரைத் தின்றுகொண்டிருந்தது

எங்கள் டிராவல் ட்ரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் தங்கும் வண்டி) வலது பின்சக்கரம். டயரின் உள்விளிம்பு மொட்டையாகி, ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. மற்ற மூன்றும் நன்றாகவே இருந்தன. டயர்தான் மட்டம் என்று புதிது போட்டேன். நாலாயிரம் கிலோமீட்டர் போவதற்குள் அதே சக்கரம், அதே விளிம்பு.

அப்புறம்தான் உறைத்தது. காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடுப்பகுதி தேயும். ஓர் ஓரம் மட்டும் போனால் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவினேன். ஒரு பக்கமாகப் போனால் வழுக்கியது, திரும்பி வந்தால் ரம்பப் பல்லாக இடறியது. சக்கரம் நேராக உருளாமல் கோணலாக இழுபடுகிறது!

வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் இழுத்து நிறுத்தி (வளைத்து நிறுத்தினால் டயர் முறுக்கிக்கொண்டு அளவு பொய் சொல்லும்) டேப் பிடித்தேன். கப்ளர் (காரோடு மாட்டும் கொக்கி) நடுவிலிருந்து முன் ஆக்ஸிலின் (சக்கர அச்சு) இரு முனைகளுக்கும் உள்ள தூரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. அது சரியாக இருந்தது. இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 9 மில்லிமீட்டர் இடித்தது. வலப்பக்க ஸ்பிரிங் பட்டையின் பிளாஸ்டிக் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் குழல்) பொடியாகி, போல்ட் ஆடிக்கொண்டிருந்தது.

புஷ் மாற்றியதும் தேய்மானம் குறைந்தது, நிற்கவில்லை. பட்டறையில் முதலில் பேரிங் ஆட்டத்தைப் பார்த்தார்கள், பிறகு கேம்பர், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கோணம். எப்போதோ நடைபாதை விளிம்பில் ஏற்றிய புண்ணியம், சக்கரம் மாட்டும் முனை லேசாக வளைந்திருந்தது. காரில் போலத் திருகிச் சரிசெய்ய இதில் எதுவும் இல்லை. சூடுகாட்டாமல், ஹைட்ராலிக் ஜாக்கி கொடுத்து ஆக்ஸிலையே வளைத்துத்தான் நிமிர்த்தினார்கள். ஆக்ஸிலின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்து நான் பதறியது தனிக்கதை. சுமை ஏறினால் சக்கரம் நேராக நிற்க, செய்யும்போதே அப்படி வளைப்பார்களாம்.

இதைப் படித்த ஒருவரும் நானும்:

— அண்ணே, எங்களுக்கு ஒரே ஆக்ஸிலில் இரண்டு டயருக்கும் உள்விளிம்பு போனது. நிமிர்த்தினோம், ஆறு மாதத்தில் மறுபடியும் தொய்ந்துவிட்டது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டபோதுதான் பாரம் அளவு மீறியது தெரிந்தது. கடைசியில் அதிக பாரம் தாங்கும் ஆக்ஸில் மாற்றினோம். நீங்கள் எடை பார்த்தீர்களா?

— இல்லை தம்பி. நீங்கள் கேட்ட பிறகு கீழே குனிந்து பார்த்தேன், தண்ணீர்த் தொட்டி வலப்பக்கம்தான் இருக்கிறது.